அவங்க பாடினா பஜனை, இவங்க பாடினா பிச்சையா?

செமஸ்டர் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஜாலியாக ஏதாவது சினிமா விமர்சனம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன சனிக்கிழமை சாயங்காலம் பார்த்த ஒரு காட்சி மீன்முள் மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டு இருக்கிறது. அதைத் துப்பிவிட்டுத்தான் மறுவேலை. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

இடம், தெப்பக்குளத்தை ஒட்டி நந்தி கோவில் தெரு திரும்புகிற மூலை. நானும் என் ரூம்மேட்டும் செருப்பு வாங்கப் போயிருந்தோம். ரோட்டோரமாக ஒரு பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்து தார் ரோட்டின் மேல் ஆஞ்சநேயர் வரைந்துகொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சட்டிபானை எதுவும் இல்லை, பிரஷ் இல்லை. கரித்துண்டு, செங்கல் பொடி, ரெண்டு மூணு கலர் சாக்பீஸ், கொஞ்சம் கோலமாவு. பச்சை வேண்டுமென்றால் ஏதோ ஒரு தழையைப் பறித்து ரோட்டில் தேய்ப்பார். வால் மட்டுமே நாலு அடி நீளம். அந்த வால் வளைவை அவர் ஒரே இழுப்பில் இழுத்ததைப் பார்த்து என் ரூம்மேட் வாயைப் பிளந்துவிட்டான். (அவன் இன்ஜினியரிங் டிராயிங்கில் ரெண்டு தடவை அரியர் வைத்தவன்.)

ஆஞ்சநேயர் கையில் சஞ்சீவி மலை. அந்த மலையைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உச்சியில் ஒரு குட்டி மண்டபம், பக்கவாட்டில் படிக்கட்டு.

"தாத்தா, இது சஞ்சீவி மலையா, நம்ம மலைக்கோட்டையா?"

"எனக்குத் தெரிஞ்ச மலை இதுதான் தம்பி."

இந்த ஒரு பதிலுக்கே நான் அவருக்கு அடிமை. பத்து ரூபாய் போட்டேன். முப்பது பேர் சுற்றி நின்றிருப்பார்கள். சில்லறை விழுந்துகொண்டிருந்தது.

அப்போது ஒருவர் வந்தார். யார், எந்தக் கடை, எந்தத் துறை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பேச்சு வார்த்தை எல்லாம் கிடையாது. கையில் ஒரு பக்கெட் தண்ணீர். நேராக ஆஞ்சநேயர் மூஞ்சியில் ஊற்றினார். செங்கல் பொடியும் கரியும் குழைந்து சாக்கடைப் பக்கமாக ஓடியது. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரில் நனைந்த காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்து மடியில் கட்டிக்கொண்டார். அதில் தெரிந்த பழக்கம்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இது அவருக்கு முதல் பக்கெட் இல்லை.

கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி சொன்னார்: "பிச்சை எடுக்கிறவன்லாம் நடு ரோட்டுல வந்து உக்காந்தா வேற என்ன பண்றது?"

பிச்சை. இந்த வார்த்தையைத்தான் இன்றைக்கு ஒரு கை பார்க்கப் போகிறேன்.

மறுநாள் ஞாயிறு. மார்கழி விடியற்காலை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். ஜால்ராவும் ஆர்மோனியமுமாக ஒரு பஜனை கோஷ்டி வந்தது. ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு. பால் வண்டிக்காரர் காலை ஊன்றி நின்றார், ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். ஒருவர் முகத்திலும் எரிச்சல் இல்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசலில் அரிசியும் பழமும் வைத்துக் கொடுத்தார்கள், கோஷ்டியில் ஒருவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு பஜனை மேல் ஒரு கோபமும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் குளிரில் அதைக் கேட்பது சொர்க்கம். என் கேள்வி சின்னது. ரெண்டு பேரும் தெருவில்தான் நிற்கிறார்கள். ரெண்டு பேரும் சாமியைத்தான் காட்டுகிறார்கள். ரெண்டு பேருக்கும் பார்க்கிறவர்கள் மனமுவந்து ஏதோ கொடுக்கிறார்கள். ஒருவருக்கு வழிவிடுகிறோம், ஒருவர் மேல் தண்ணீர் ஊற்றுகிறோம். வித்தியாசம் கலையிலா, சட்டையிலா?

உஞ்சவிருத்தி என்று ஒரு நல்ல வார்த்தை

திருவையாறு நமக்கு எட்டின தூரம்தான். தியாகராஜர் அங்கே தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போய், வீடுகளில் போட்ட அரிசியை வாங்கித்தான் குடும்பம் நடத்தினார். அதற்குப் பெயர் உஞ்சவிருத்தி. ராஜா கூப்பிட்டும் அரண்மனைக்குப் போகாதவர் என்று அதைப் பெருமையாகச் சொல்கிறோம். இன்றைக்கும் ஆராதனை அன்று பெரிய பெரிய வித்வான்கள் அதே மாதிரி தெருவில் பாடிக்கொண்டே ஊர்வலமாகப் போகிறார்கள். தெருவில் பாடி வாங்கிச் சாப்பிடுவது இழிவு என்றால், கர்நாடக சங்கீதத்தின் உச்சியில் இருப்பவரே அந்த இழிவைச் செய்தவர்தான்!

ஆக, தெருவில் பாடுவது தப்பில்லை. காசு வாங்குவதும் தப்பில்லை. யார் பாடுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தோளில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை வைத்துக்கொண்டு வருகிற பார்வையற்ற தம்பதி பாடினால் நாம் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நடிக்கிறோம். அதே பாட்டை டிவி போட்டியில் ஒருவர் பாடி, பின்னாடி சோக வயலின் போட்டு, அவர் குடும்பக் கஷ்டத்தைக் காட்டினால் சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு கேமரா வந்தால்தான் நமக்குக் கண்ணே தெரிகிறது.

இந்த ஊரில் வந்து இதைப் பேசலாமா?

மற்ற ஊர்க்காரர்கள் இப்படிப் பேசினால்கூட மன்னிக்கலாம். திருச்சிக்காரன் பேசலாமா?

உறையூர் சோழர்களின் பழைய தலைநகர். இன்றைக்கு நம் மாநகராட்சியில் ஒரு பகுதி. கரிகால் சோழனைப் பாடுகிற பொருநராற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. அதன் கதாநாயகன் யார்? ராஜாவுக்கு முன்னால் நமக்கு அறிமுகமாவது பசியோடும் கிழிந்த துணியோடும் ஊர் ஊராகத் திரிகிற ஒரு கலைஞன். பாணர், கூத்தர், பொருநர், விறலியர் என்று அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. பரிசு பெற்ற கலைஞன் பெறாத கலைஞனுக்கு வழி சொல்வதையே ஒரு இலக்கிய வகையாக வளர்த்த மொழி. பிளஸ் டூவில் 'ஆற்றுப்படை' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு, தெருவில் நிஜப் பாணன் வந்தால் "சில்லறை இல்ல போ" என்கிறோம்.

அடுத்து மலைக்கோட்டை. தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி மேலே ஏறும்போது வருகிற பல்லவர் குடைவரையைப் பார்த்திருப்பீர்கள். (பார்க்கவில்லை என்றால் பாதி பேர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நேரே உச்சிப் பிள்ளையாரிடம் ஓடியிருக்கிறீர்கள்.) ஏழாம் நூற்றாண்டில் அதைக் குடைவித்தவன் முதலாம் மகேந்திரவர்மன். அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியர்களில் புலி! அவன் எழுதிய சமஸ்கிருத நாடகம் மத்தவிலாசப் பிரகசனம். என்ன கதை தெரியுமா? காஞ்சிபுரத்துத் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற ஒரு காபாலிகன், தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அந்த வழியாக வந்த புத்த பிட்சுதான் திருடினார் என்று சண்டை. பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் நாய் தூக்கிக்கொண்டு போன கபாலத்தை ஒரு பைத்தியக்காரன் கொண்டுவந்து கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. முழுக்க முழுக்கத் தெரு. நாடகத்தின் மையமே ஒரு பிச்சைப் பாத்திரம். எழுதியவன் ராஜா.

அந்த ராஜா குடைந்த மலையின் அடிவாரத்தில்தான் போன சனிக்கிழமை ஒரு சித்திரக்காரன் மேல் பக்கெட் தண்ணீர் ஊற்றப்பட்டது. புலிக்கு இது தெரிந்தால்...

இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஒரு வகை ஓவியத்துக்குப் பெயர் போன ஊர். அபிரகத் தகட்டில், அதாவது மைக்காவில், கண்ணாடி மாதிரி பளபளவென்று வரைகிற சின்னச் சின்னப் படங்கள். வெள்ளைக்காரர்கள் செட் செட்டாக வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அந்த வகைப் படங்களில் இருந்தவை நம் தெருக்கள்தான். தொழிலாளிகள், திருவிழா ஊர்வலங்கள், ஆட்டக்காரர்கள், வித்தைக்காரர்கள். திருச்சியில் வரைந்த அபிரகப் படங்கள் இன்றைக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஏசி அறையில் இருக்கின்றன. அங்கே படத்தில் இருந்தால் பொக்கிஷம், இங்கே உயிரோடு வந்தால் தொந்தரவு.

இதே லண்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்து வீசிப் பிடித்தும் கத்தியை விழுங்கியும் பேர் வாங்கியவர் ராமோ சாமி என்று அவர்கள் அழைத்த ஒரு இந்திய வித்தைக்காரர். 'ராமசாமி'யைத்தான் அப்படிக் கடித்துத் துப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் வில்லியம் ஹேஸ்லிட் என்கிற ஆங்கிலக் கட்டுரையாளர் இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்து அசந்துபோய் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். அது 1821-ல் வந்த அவர் புத்தகத்தில் இருக்கிறது. இவ்வளவு பிசகில்லாமல் ஒரு காரியத்தைச் செய்ய என்னால் முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார் மனுஷன். நம் அண்ணாச்சி கேட்டது "வேற என்ன பண்றது?"

சட்டம் என்ன சொல்கிறது?

"தம்பி, உணர்ச்சிவசப்படாதே, சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்பீர்கள். வாங்க, அதையும் பார்த்துவிடலாம்.

பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் என்று 1959-ல் ஒன்று வந்தது. பொது இடத்தில் பாட்டு, ஆட்டம், ஜோசியம், வித்தை என்று எந்தச் 'சாக்கில்' காசு வாங்கினாலும் அது பிச்சைதான் என்கிறது அதன் வரையறை. கவனியுங்கள், சாக்கு! அந்தச் சட்டத்தின் கண்ணில் பாடுவது ஒரு சாக்கு. கயிற்றில் நடப்பது ஒரு சாக்கு. இருபது வருஷம் பயிற்சி எடுத்து ஒருவன் பிச்சை எடுக்க சாக்குத் தேடுகிறான் என்று நம்புகிற மூளையை என்னவென்று சொல்ல? இந்தச் சட்டம் டெல்லிக்கும் பொருந்தியது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்குகிற அதன் பிரிவுகளை அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. ஆனால் அது டெல்லிக்கு மட்டும். நம் பக்கத்தில் 1945-லேயே பிச்சைத் தடுப்புக்கு ஒரு சென்னை மாகாணச் சட்டம் வந்துவிட்டது.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் அசிங்கம். 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஊரில் தங்காமல் திரிகிறவன் என்றாலே சந்தேகம். கம்பம் நட்டு வித்தை காட்டிப் பிழைத்த தொம்மரர் மாதிரியான சமூகங்களின் பெயர் இன்றைக்கும் சீர்மரபினர் பட்டியலில் இருப்பது அந்தக் கதையின் மிச்சம்தான். சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பார்வை மட்டும் போகவில்லை. கழைக்கூத்தாடி வந்தால் "வீட்டைப் பூட்டுடா" என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

தெரு நாடகத்தையும் விட்டுவைக்கவில்லை. 1876-ல் ஒரு நாடகச் சட்டம். சுதந்திரம் வந்த பிறகு, எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் கிளப்பிய சூட்டில், 1954-ல் இங்கே தனியாக இன்னொன்று. எழுதியதை முன்கூட்டியே போலீஸிடம் காட்டு என்கிற ரகம். ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. தெருவில் நாலு பேர் கூடி நாடகம் போடுவது என்றால் அதிகாரத்துக்கு எப்போதுமே கொஞ்சம் வயிற்றுக் கலக்கல்தான். 1989 புத்தாண்டு அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சப்தர் ஹாஷ்மி தெரு நாடகம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார்.

சுவருக்கும் இதே கதைதான்

ஓவியத்துக்கு வருவோம். திறந்தவெளி அலங்கோலத் தடுப்புச் சட்டம் என்று 1959-லிருந்தே தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது. அது இருந்துகொண்டே இருக்கிறது, நம் சுவர்களும் இருந்துகொண்டே இருக்கின்றன. எந்தக் கட்சிக்கு எந்தச் சுவர் என்று வெள்ளையடித்து முன்பதிவு செய்து வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். மூல வைத்தியம், கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா... இதெல்லாம் அலங்கோலம் இல்லை. கரித்துண்டு ஆஞ்சநேயர் அலங்கோலம்!

ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் சேர்ந்தது 2017-ல். அதற்கப்புறம் சுவர்களில் படம் வரைவது எல்லா ஊரிலும் ஒரு ஃபேஷன் ஆகியிருக்கிறது. நல்லதுதான், போஸ்டருக்குப் படம் எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் படங்களை நின்று பாருங்கள். கரகாட்டம், பறையாட்டம், ஜல்லிக்கட்டு, பூம்பூம் மாடு, உறுமி. சிரித்துக்கொண்டே இருப்பார்கள். சுவரில் இருக்கிற பூம்பூம் மாட்டுக்காரருக்கு மரியாதை, அந்தச் சுவருக்கு முன்னால் நிஜ மாட்டோடு வந்தால் ஹாரன். படம் பண்பாடாம், ஆள் போக்குவரத்து இடைஞ்சலாம்.

சென்னை கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். ஊரை விட்டுத் தள்ளிக் குடியமர்த்தப்பட்ட மக்களின் முகங்களே அந்தச் சுவர்களில் ஏறின. பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிற பகுதிக்கு, படம் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். ஓவியம் மட்டும் வயிற்றை நிரப்பாது, வாஸ்தவம். ஆனால் யாருடைய முகம் சுவரில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஸ்ரீரங்கத்திலேயே தினமும் நடக்கிற ஒரு தெரு ஓவியக் கண்காட்சி இருக்கிறதே, அதை யாராவது அப்படிச் சொல்கிறோமா? மார்கழியில் சித்திரை வீதியில் விடியற்காலை நடந்து பாருங்கள். இருபத்தோரு புள்ளி, சிக்குக் கோலம், ரெண்டு வீட்டு வாசலை இணைக்கிற கோலம். வரைந்தவர் பெயர் இருக்காது, ஒன்பது மணிக்குள் டயர் ஏறிவிடும். அடுத்த நாள் மறுபடி வரைவார்கள். நம் ஊரில் தெரு ஓவியம் என்பது வெளிநாட்டிலிருந்து ஸ்பிரே கேனில் வந்தது இல்லை. நம் வீட்டுப் பெண்கள் தினமும் குனிந்து நிமிர்ந்து போடுவது. அதே கோலமாவுதான் அந்தப் பெரியவர் கையிலும் இருந்தது. அவருக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. வாசல்.

"ஆனாலும் தம்பி..."

எதிர்க்கட்சி வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன். என் ரூம்மேட்டிடம் ராத்திரி ரெண்டு மணி வரை சண்டை போட்டதில் சேகரித்தவை.

முதலாவது, டிராஃபிக். என்.எஸ்.பி. ரோட்டில் தீபாவளி சமயத்தில் நடந்திருக்கிறீர்களா? அந்த நெரிசலுக்குக் காரணம் ஒரு ஆஞ்சநேயர் படமா, ரோட்டை மறித்து நிறுத்தின காரும் பைக்கும், படிக்கட்டை ரோடு வரை இழுத்த கடைகளுமா? ஆறடிக்கு நாலடி இடத்தில் மண்டி போட்ட ஒருவர் மேல் பாய்கிற நாம், ரோட்டில் ஷாமியானா போட்டு மூணு நாள் மறிக்கிற கல்யாண வீட்டைக் கேட்கிறோமா?

ரெண்டாவது, சத்தம். நியாயமான புகார். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் பக்கத்தில் 100 மீட்டருக்குள் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. அதை எல்லோருக்கும் போடுங்கள். ஆடி மாசம் காலை நாலு மணிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கும், தேர்தல் பிரச்சார வேனுக்கும், தோளில் மாட்டிய குட்டி ஸ்பீக்கருக்கும் ஒரே விதி. எனக்குச் சம்மதம். உங்களுக்கு?

மூணாவது, குழந்தைகளையும் மிருகங்களையும் வதைக்கிறார்கள். இதில் நான் உங்கள் கட்சி. ஏழு வயசுப் பெண்ணைப் பத்தடி உயரக் கயிற்றில் ஏற்றி, கீழே அப்பா மேளம் அடிப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. அந்தக் குழந்தை ஸ்கூலில் இருக்க வேண்டும். குரங்கைக் கட்டி ஆட்டுவது சட்டப்படியே தப்பு. ஆனால் குழந்தையை இறக்கிவிட்டால், அந்த அப்பா கற்ற வித்தைக்கு எங்கே இடம்? குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மொத்தக் கலையையும் விரட்டிவிட்டு, அந்தக் குடும்பம் அப்புறம் என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்காமல் போவதற்குப் பெயர் கருணையா?

நாலாவது, "தரம் இல்லை." இது என் ரூம்மேட்டின் பிரம்மாஸ்திரம். பஸ் ஸ்டாண்டில் பாடுகிறவர் சுருதி விலகுகிறாராம். விலகட்டுமே மாப்ள! சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சுருதி விலகுவதை நான் கேட்டதில்லையா? தெருக் கலைஞனுக்கு இருக்கிற பரீட்சை எந்த வித்வானுக்கும் இல்லை. அவன் டிக்கெட் முன்னாலேயே விற்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் நாம் நகர்ந்துவிடுவோம். ஒவ்வொரு பத்து நிமிஷமும் அரங்கேற்றம்.

அஞ்சாவது, "அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே." செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. அதே வருஷம் பொங்கல் சமயத்தில் ஆரம்பித்த சென்னை சங்கமம், கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. நடுவில் நின்று, 2023 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. அருமையான விஷயம். ஆனால் திருவிழா நாலு நாள். வருஷத்துக்கு மிச்சம் 361 நாள் இருக்கிறதே? பெரியவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த வாரியம் தம்பி? மின்சாரமா?" என்றார்.

மற்ற ஊர்களில்

லண்டன் கோவென்ட் கார்டனில் பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் 1662-ல் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அதே இடத்தில் இன்றைக்கும் வித்தைக்காரர்கள் ஆடுகிறார்கள். அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் 2003-லிருந்து உரிமம் கொடுத்துப் பாடவிடுகிறார்கள், நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் அரை வட்டமாகக் குறித்திருப்பார்கள். அவ்வளவுதான் செலவு. கொஞ்சம் பெயின்ட்!

திருச்சியில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் இருக்கிற சிங்கப்பூரைப் பாருங்கள். துப்பினாலே அபராதம் போடுகிற ஊர். அங்கேயே 1997-லிருந்து தெருக் கலைஞர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. தேர்வு வைத்து, இடம் ஒதுக்கி ஆடவிடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மொராக்கோவில் இருக்கிற மராகேஷ். அந்த ஊர் நடுவில் ஜமா அல்ஃபனா என்று ஒரு சதுக்கம். கதை சொல்கிறவர்கள், பாட்டுக்காரர்கள், வித்தைக்காரர்கள் என்று சாயங்காலமானால் நிரம்பிவிடும். கட்டடங்கள் வந்து அதைக் கெடுத்துவிடும் என்ற பயம் வந்தபோது, அங்கே குடியிருந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கோய்திசோலோ போராட்டத்தில் இறங்கினார். 2001-ல் யுனெஸ்கோ அந்தச் சதுக்கத்தின் கலை வாழ்வை மானுடத்தின் வாய்மொழிப் பாரம்பரியம் என்று அறிவித்தது. கல்லையும் சுவரையும் மட்டுமே பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த உலகம், மனுஷனும் பாரம்பரியம்தான் என்று ஒப்புக்கொள்ள அது ஒரு பெரிய காரணம்.

ஸ்ரீரங்கம் கோவில் திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. நாம் எல்லோரும் கொண்டாடினோம். கோவிலுக்குள் அரையர் சேவை என்று ஆடலும் அபிநயமும் சேர்ந்த ஒரு கலை நூற்றாண்டுகளாக நடப்பதையும் பெருமையாகச் சொல்கிறோம். ராஜகோபுரத்துக்கு உள்ளே கலைக்கு இருக்கிற மரியாதையில் பத்தில் ஒரு பங்கு, ராஜகோபுரத்துக்கு வெளியே கிடைக்கக் கூடாதா?

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

வெறுமனே திட்டிவிட்டுப் போவது சுலபம். செய்யக்கூடியதாக நாலு சொல்கிறேன். பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

ஒன்று: இடம். மெயின் கார்டு கேட் பக்கம், அம்மா மண்டபம் ரோடு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் என்று ஆளுக்கு இடைஞ்சல் இல்லாத பத்து மூலைகளைத் தேர்ந்தெடுத்துத் தரையில் வட்டம் போடுங்கள். பஞ்சப்பூரில் 2025-ல் திறந்த பஸ் முனையத்துக்கு முத்தமிழறிஞர் பெயர் வைத்திருக்கிறோம். இயலுக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. இசைக்கும் நாடகத்துக்கும் ஒரு பத்தடி கொடுங்கள்.

ரெண்டு: உரிமை. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொருள் விற்பவர்களை மட்டும் சொல்லவில்லை, சேவை வழங்குபவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருவர் மனசைச் சந்தோஷப்படுத்துவது சேவை இல்லையா? தெருக் கலைஞர்களையும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்த்து அட்டை கொடுங்கள். கையில் ஒரு அட்டை இருந்தால் பக்கெட் கொண்டுவருகிறவர் ஒரு நிமிஷமாவது யோசிப்பார்.

மூணு: சுவர். அடுத்த தடவை மாநகராட்சிச் சுவருக்கு டெண்டர் விடும்போது, ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை போன போர்டு ஓவியர்களையும் இந்த மாதிரி தரை ஓவியர்களையும் கூப்பிடுங்கள். படத்தின் கீழே காண்ட்ராக்டர் பெயருக்குப் பதில் வரைந்தவர் பெயர் இருக்கட்டும்.

நாலு: நாம். அதாவது நானும் நீங்களும். கல்ச்சுரல்ஸுக்குச் சென்னையிலிருந்து டிஜே கூப்பிட்டு எவ்வளவு கொட்டுகிறோம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷம் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஒருவரை உள்ளே கூப்பிட்டு, மேடை கொடுத்து, பேசின காசைக் கையில் கொடுப்போமா? தானமாக இல்லை, சம்பளமாக. தெருவில் பார்க்கும்போது நிற்க நேரம் இருந்தால் நின்று பாருங்கள். பிடித்திருந்தால் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள், அதுதான் கலைக்குச் செய்கிற நியாயம். சில்லறை இல்லை என்கிற சாக்கும் இப்போது செல்லாது. ஆந்திராவில் அலங்கரித்த மாட்டின் தலையிலேயே க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்ட வீடியோ 2021-ல் ஊரெல்லாம் சுற்றியதே.

பெரியவரிடம் கடைசியாகக் கேட்டேன், "இவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சதை அழிச்சுட்டாங்களே தாத்தா, கோபம் வரலையா?"

"அழிச்சதுக்கு என்ன தம்பி, ராத்திரி லாரி ஏறினா தானா அழியப்போறதுதான். கொஞ்சம் பொறுத்திருந்தா கண்ணைத் திறந்திருப்பேன். கண்ணு இன்னும் வைக்கல."

ஆஞ்சநேயருக்குக் கண் கடைசியில்தான் வைப்பாராம். முகம் முழுசாக வரைந்து முடித்து, கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் ரெண்டு புள்ளி. அந்த ரெண்டு புள்ளிக்கு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். திருச்சியில் அந்த அஞ்சு நிமிஷம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் மறுபடி அந்த மூலைக்குப் போனேன். ஆளைக் காணோம். எந்த ஊருக்குப் போனாரோ தெரியவில்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு பைக் நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பி.கு.: செருப்பு வாங்கவில்லை. ரூம்மேட் இப்போது "தரம்" பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வால் வளைவை நோட்டில் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் வரவில்லை.